மனைவி எழுதிய ஏழு பிழைகள்

எங்கள் கோயில் பங்கில் பைபிளை முழுவதும் கையால் எழுதி ஒரே புத்தகமாகக் கட்டப்போகிறோம் என்று பூசை முடிவில் சுவாமி அறிவித்தபோது, எனக்கு முதலில் வந்தது பக்தி அல்ல, சந்தேகம். யார் எழுதப்போகிறார்கள்? பிள்ளைகளின் கொப்பியைக்கூடத் திறந்து பாராத சனம். வீட்டுக்கு ஒரு பகுதி கொடுப்போம், எழுதுகிறபோது வாசிப்பீர்கள், வாசிக்க வாசிக்க விசுவாசம் உறுதிப்படும் என்றார் சுவாமி. வாசிக்காமலே எழுத்தோடு காலம் தள்ளலாம் என்பது அந்த இளம் குருவானவருக்குத் தெரியவில்லை. நான் முப்பது வருடம் அப்படித்தான் வேலை செய்தேன்.

என் தொழில் ஒப்புநோக்குவது. யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில், மூலப்பிரதியை இடப்பக்கமும் அச்சுப்படியை வலப்பக்கமும் வைத்து, சொல்லுக்குச் சொல் பார்த்துப் பிழை பிடிப்பவனாக இருந்தேன். கலியாணக் காட், செத்தவீட்டு நினைவுமலர், கோயில் மலர், பாடசாலை ஆண்டறிக்கை எல்லாம் என் கண் வழியாகப் போயிருக்கின்றன. எதில் என்ன சொல்லியிருந்தது என்று கேட்டால் தெரியாது. எங்கே பிழை ஒளிந்திருக்கும் என்பது மட்டும் தெரியும். சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி விட்ட வரியில்தான் பிழை இருக்கும். அதனால் எதையும் நம்பாமல் பழகிவிட்டேன். அச்சகத்தை விட்டு ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் ஓய்வுபெறவில்லை.

எழுதி வருகிற தாள்களைச் சரிபார்க்கிற வேலையைச் சுவாமி என் தலையில் கட்டினார். அதற்காக எங்கள் வீட்டுப் பைபிளைச் சாமிப்படத் தட்டிலிருந்து இறக்கினேன். கலியாணத்துக்கு யாரோ தந்தது. இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் பூவுக்கும் மெழுகுதிரிக்கும் நடுவே அத்தனை வருடமும் நின்றிருந்தது. திறந்தபோது பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த முதல் நன்மைப் படங்களும் ஒரு பழைய மருந்துச் சிட்டையும் விழுந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நாங்கள் எவ்வளவு தூரம் வாசித்திருக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. கரையில் மீன் காயப்போடுகிற வாடி வைத்திருக்கிற ஒருவர் கொண்டுவந்த மூன்று அதிகாரத்தில் மூன்று கையெழுத்து இருந்தது. மூன்றும் தன்னுடையதுதான் என்று மாதாவைச் சாட்சிக்கு இழுத்தார். ஒரு அம்மா, இன்னாருடைய மகன் இன்னார் என்று நீண்டு போகிற பெயர்ப் பட்டியலை ஆறாவது பெயரோடு நிறுத்தி, ‘முதலியோர்’ என்று போட்டு முடித்திருந்தார். நான் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். “அதுகளை ஆர் அண்ணை வாசிக்கப்போகினம்?” என்று சண்டைக்கு வந்தார். எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன. விசுவாசம் உறுதிப்பட்டதோ இல்லையோ, மனிதர்களைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் உறுதிப்பட்டது.

பிறகு என் மனைவியின் தாள்கள் வந்தன.

அவ ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தவ. முத்து முத்தான எழுத்து. அவவுக்குக் கொடுத்தது ரூத்தின் கதை. புருஷன்மாரை இழந்த மாமியும் மருமகளும். மாமி தன் ஊருக்குத் திரும்பிப் போகிறாள், நீ உன் சனத்திடம் போ என்று மருமகளைத் தள்ளுகிறாள், மருமகள் போகமாட்டேன் என்று நிற்கிறாள். நான்கே அதிகாரம். மனைவி எழுதியதில் நான் பிழை பார்க்கத் தேவையில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்த உடனேயே, பார்க்கவேண்டும் என்று முடிவுசெய்தேன்.

முதலாம் அதிகாரத்தில் ஏழு பிழை. எழுத்துப்பிழை அல்ல. எங்கள் பைபிளில் ‘ஆண்டவர்’ என்று இருக்கிற ஐந்து இடத்தில் ‘கர்த்தர்’ என்று எழுதியிருந்தா. ‘கடவுள்’ என்று இருக்கிற இரண்டு இடத்தில் ‘தேவன்’. அந்த இரண்டும் எங்கே வந்தன தெரியுமா? நீ கும்பிடுகிறவரையே இனி நானும் கும்பிடுவேன் என்று மருமகள் சொல்கிற இடத்தில்.

வெளியாருக்கு இது ஒரு விஷயமாகவே படாது. கர்த்தரும் ஆண்டவரும் ஒருவர்தானே என்பார்கள். எங்கள் ஊரில் ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதை அவர் வாயில் வருகிற அந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம். கத்தோலிக்கர் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் ‘கர்த்தர்’ கைக்கு வராது. அது மற்றவர்களின் பைபிளில் இருக்கிற சொல். சபைக்காரரின் சொல்.

‘சபை’ என்றால் எங்கள் சனம் குரலைத் தாழ்த்திச் சொல்லும். தகரக் கூரையின் கீழ் கைதட்டிப் பாடிச் செபிக்கிற கூட்டங்கள். எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. காரணம் என் தங்கச்சி.

ஒரே தங்கச்சி. சாவகச்சேரியில் கலியாணம் கட்டிப் போனாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய காலத்தில் அங்கே ஒரு சபையில் சேர்ந்துவிட்டாள். அம்மா செத்த அன்று வீடெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, இவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் தன் பைபிளை விரித்து வைத்திருந்தாள். எனக்குக் கண் மண் தெரியாத கோபம் வந்தது. அவள் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே மதில்மேல் வைத்தேன். “இனி எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை” என்று ஊர் கேட்கச் சொன்னேன். அன்று பின்னேரம் நல்ல மழை. அந்தப் புத்தகத்தை அவள் எப்போது எடுத்துக்கொண்டு போனாள் என்று நான் பார்க்கவில்லை. இருபது வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் முகம் பார்க்கவில்லை.

சபை என் தங்கச்சியைக் கொண்டுபோனது என்றுதான் எனக்குள் சொல்லி வைத்திருந்தேன். இப்போது மனைவியையும் கொண்டுபோகப் பார்க்கிறது. அந்த ஏழு இடத்திலும் வட்டம் போட எனக்குக் கை வரவில்லை. பென்சிலால் மெல்லக் கோடு போட்டேன்.

“உது எந்தப் பைபிளைப் பார்த்து எழுதினீர்?” என்று அன்று மத்தியானம் கேட்டேன்.

“வீட்டிலை எத்தினை பைபிள் கிடக்கு? உதைப் பார்த்துத்தான்” என்றுவிட்டு மீன் வெட்டப் போய்விட்டா.

நான் அச்சகத்தில் படித்த வேலையை வீட்டில் காட்டத் தொடங்கினேன். மனைவிக்குச் சீனி வருத்தம். மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கிளினிக் என்று செவ்வாய்க்கிழமைகளில் அரியாலையிலிருந்து இரண்டு பஸ் ஏறிப் போவா. அவவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறைதான் திகதி போட்டிருந்தது. ஆனால் அவ போனதோ செவ்வாய் தவறாமல். மற்றச் செவ்வாய்க்கிழமைகளில் எங்கே போகிறா? பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம்? கேட்டிருக்கலாம். பதிலை நம்பமாட்டேன் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

கைப்பையையும் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன். மருந்துக்கும் கைலேஞ்சிக்கும் கீழே உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். வாசிக்கவேண்டிய பைபிள் பகுதி, அதற்குப் பத்து வரியில் ஒரு விளக்கம், கடைசியில் ஒரு கேள்வி. எல்லாம் கர்த்தரும் தேவனும்தான். செவ்வாய்க்கிழமைப் பக்கங்களில் மட்டும் மனைவியின் பேனையால் சரி அடையாளம் போட்டிருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

அவ காலைப் பூசைக்குப் போகிற நேரமாகப் பார்த்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஆதாரம் தேடித்தான் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே ஓர் அச்சுப்பிழை அகப்பட்டது, கொஞ்சம் சந்தோஷம். ஆனால் அந்தக் கேள்விகள் எனக்குப் பிடிக்கவில்லை. இன்று யாருக்குப் பயந்தாய், யாரிடம் கதைக்காமல் விட்டாய் என்று முகத்துக்கு நேரே கேட்கின்றன. உனக்கேன் அது என்று சத்தமாகவே திட்டினேன். மறுநாளும் எடுத்தேன். திட்டுவதற்கென்றாலும் அந்தப் பகுதியை வாசிக்கவேண்டியிருந்தது. வாசிக்க எங்கள் பைபிளை எடுக்கவேண்டியிருந்தது. ஒரு கிழமைக்குள், பிழை தேடாமல் சில பக்கங்களை நான் வாசித்துவிட்டேன் என்பதைக் கண்டுபிடித்தேன். என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுவாமி இருக்கிற பங்குமனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். மானிப்பாய் வரை உழக்கினேன். அறுபத்தாறு வயதில் அது எனக்கு வேண்டாத வேலை. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்தேன். கடைக்காரர் என் நிலையைப் பார்த்துவிட்டு, “ஐயா, முதல் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வாங்கோவன்” என்றார்.

பஸ் வந்தது. மனைவி இறங்கினா. ஆஸ்பத்திரி வாசலைத் திரும்பியும் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு பக்கத்து ஒழுங்கைக்குள் போனா. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். இனிக் கைதட்டும் பாட்டும் கேட்கும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். வாசலில் வைத்துக் கேட்கவேண்டிய கேள்விகளையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். நாற்பது வருடக் கலியாணம். இன்றோடு இது என்னவாகுமோ என்று பயந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

ஒழுங்கையின் முடிவில் ஒரு சின்னக் கல்வீடு. கைதட்டலும் இல்லை, பாட்டும் இல்லை. மனைவியின் குரல் மட்டும் கேட்டது. வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கிறதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தா. நான் கதவடியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பொம்பிளை. மெலிந்து, தலை நரைத்து, கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் பார்வை இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. அது என் தங்கச்சி என்பது அதற்கும் பிறகுதான் விளங்கியது.

மனைவி என்னைக் கண்டா. திடுக்கிடவில்லை. வாசித்த வசனத்தை முடித்துவிட்டு எழும்பினா.

“மச்சாள், எனக்குத் தொண்டை அடைக்குது” என்றா. “என்னோடை ஓராள் வந்திருக்கு. மிச்சத்தை அவர் வாசிப்பார்.”

“ஆர் மச்சாள்?” என்றாள் தங்கச்சி.

மனைவி புத்தகத்தை என் கையில் தந்து, கதிரையைக் காட்டினா.

அந்தப் பைபிள் எனக்குத் தெரிந்ததுதான். மட்டை ஊதி உப்பியிருந்தது. தாள்கள் நனைந்து காய்ந்து அலை அலையாக நின்றன. நான் மதில்மேல் வைத்த புத்தகம். அன்றைய மழை இன்னும் அதில் இருந்தது. எழும்பிப் போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிள் வாசலில்தான் நின்றது. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. ஆனால் வாசிக்கச் சொல்லித் தந்த தாளைக் கீழே வைத்துவிட்டுப் போய் எனக்குப் பழக்கமில்லை.

மனைவி விரலால் காட்டிய இடத்தைப் பார்த்தேன். ரூத், முதலாம் அதிகாரம். வாசிக்கத் தொடங்கினேன். குரல் எனக்கே பிடிபடவில்லை. இரண்டு வரி போயிருக்கும்.

தங்கச்சி சிரித்தாள். “அண்ணை” என்றாள்.

எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. பிறகுதான் என் காதிலும் விழுந்தது. நான் ‘கமா’ என்றும் ‘முற்றுப்புள்ளி’ என்றும் சேர்த்தே வாசித்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் படியைப் பார்ப்பார். குறிகளையும் வாசித்தாகவேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை வீட்டில் பழகினேன். எதிரே இருந்து படி பார்த்தவள் தங்கச்சி. அவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

“முற்றுப்புள்ளியையும் விடாமல் வாசிக்கிற ஆள் உலகத்திலை ஒராள்தான்” என்றாள். “வாசியுங்கோ அண்ணை. நிப்பாட்டாதேங்கோ.”

கேட்பதற்கு அவளுக்கு எவ்வளவோ இருந்திருக்கும். அம்மாவின் செத்தவீட்டைப் பற்றி, மழையைப் பற்றி, தன் புருஷனின் சாவுக்குக்கூட நான் வராததைப் பற்றி. அவர் செத்த செய்தி எனக்கு வந்தது. வந்தும் நான் போகவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசித்தேன். மாமி போ என்கிறாள், மருமகள் மாட்டேன் என்கிறாள். அந்த இடத்துக்கு வந்தேன். ‘தேவன்’ என்று இருந்தது. இருபது வருடம் நான் வாயால் சொல்லாத சொல். அதில் வந்து நின்றுவிட்டேன்.

நான் எதில் நின்றேன் என்று பார்வையில்லாதவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அதிகாரம் அவளுக்கு மனப்பாடம்.

“அண்ணை, உங்களுக்குக் கஷ்டம் எண்டால் கடவுள் எண்டு வாசியுங்கோ” என்றாள். “எனக்கு ஒண்டும் இல்லை. அவருக்கும் ஒண்டும் இருக்காது.”

“இல்லை” என்றேன். “மூலத்திலை என்ன கிடக்கோ அதைத்தான் வாசிக்கவேணும்.”

தேவன் என்றே வாசித்தேன். இரண்டாவது முறை வந்தபோதும் வாசித்தேன். அதற்குப் பிறகு எனக்கு எழுத்துத் தெரியவில்லை. அழுதேன். தங்கச்சி கையை நீட்டித் தடவி, முதலில் புத்தகத்தைக் கண்டுபிடித்தாள், பிறகு என் கையை. அவளுடைய விரல்கள் எங்கள் அம்மாவின் விரல்கள். மனைவி அடுப்படியில் தேத்தண்ணி போடுகிற சாட்டில் வெகுநேரம் நின்றா.

விஷயம் இவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கிளினிக் வரிசையில் தங்கச்சியைக் கண்ட மனைவி, அவளுக்காகத் தன் கிளினிக்கை மானிப்பாய்க்கு மாற்றியிருக்கிறா. சீனி அவளுடைய கண்ணைக் கொண்டுபோயிருந்தது. மகளோடு மானிப்பாய்க்கு வந்துவிட்டாள். மகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனி. வாசிக்க முடியாததுதான் அவளுக்குப் பெரிய துக்கம். சபைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவார்கள், மற்ற நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் உண்டு. சின்னப் புத்தகம் அவளுடையது. செவ்வாய்ப் பக்கத்தை மனைவி வாசித்துவிட்டு அடையாளம் போட்டு, வீட்டில் ஒருமுறை பார்த்துக்கொண்டு வருவதற்காகக் கைப்பையில் வைத்திருக்கிறா. ஏழு மாதமாக இது நடந்திருக்கிறது. எங்கள் கோயிலை விட்டுப் போகிற எண்ணம் மனைவிக்குக் கனவிலும் வந்ததில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பேரும் போகிறோம், பஸ்ஸில். வாசிப்பது நான். என் விசுவாசம் உறுதிப்பட்டதா என்று சுவாமி கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அந்தப் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும், அதைச் சொல்லலாம். சின்னப் புத்தகத்தின் கேள்விகளைத் தங்கச்சிக்கு வாசிக்கும்போது குரலை இறக்கிவிடுகிறேன். அவள் விடமாட்டாள், திரும்ப வாசிக்கச் சொல்வாள்.

மனைவியின் தாள்களை மேசையில் விரித்து, போட்டிருந்த ஏழு பென்சில் கோட்டையும் அழித்தேன். அடியில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். முப்பது வருடத்தில் பிழை என்று தெரிந்தும் நான் விட்டவை அவை மட்டும்தான். கட்டிய பைபிள் இப்போது பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாசித்தால்தானே!

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் தீராமல் இருந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவ, பார்த்து எழுதுகிறபோது ஒரே அதிகாரத்தில் ஏழு இடத்தில் தவறுவாவா? மற்ற மூன்று அதிகாரத்திலும் ஓர் ஒற்றெழுத்தும் பிசகவில்லையே. ஒருநாள் அவ தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“உண்மையைச் சொல்லும். அந்த ஏழையும் தெரிஞ்சுதானே எழுதினீர்?”

துருவுகிற சத்தம் நின்றது.

“நேரை சொல்லியிருந்தா வந்திருப்பியளே?” என்றா. “தங்கச்சியின்ரை பேரை எடுத்தாலே எழும்பிப் போற ஆள். பிழை எண்டால்தான் தேடிக்கொண்டு போவியள். எழுதேக்கை ஆண்டவரிட்டை மன்னிப்புக் கேட்டுத்தான் எழுதினனான்.”

“அதுக்கு ஒண்டு காணாதே? ஏன் ஏழு?”

“ஒண்டுதான் போட நினைச்சனான்” என்றா. “உங்களுக்கும் வயசு போட்டுது, கண் தவறிடுமோ எண்ட பயத்திலைதான் மிச்சம் ஆறும்.”